உன் புத்தகம், என் எழுத்து

காரிமங்கலம்
16.10.2025

பிளசிக்கு,

எல்லா வழியையும் அடைத்துவிட்டாய். போன் போகவில்லை. வாட்ஸப் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உன் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். போஸ்ட்மேனை உன்னால் பிளாக் பண்ண முடியாது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

போன சனிக்கிழமை, பதினொன்றாம் தேதி, எனக்கு மெடிக்கல் கோடிங் தேர்வு. அது உனக்குத் தெரியும், உன் அம்மா சொல்லியிருப்பார். மாலை நான்கு மணிக்கு முன்னறையில் உட்கார்ந்தேன். நெட் அங்கேதான் நிற்கும் என்பதும் உனக்குத் தெரியும், அது நீ பிறந்து வளர்ந்த வீடு. கேமராவைச் சுற்றிக் காட்டினேன், மேசைக்கு அடியில் காட்டினேன், காதில் ஒன்றும் இல்லை என்று முடியை ஒதுக்கிக் காட்டினேன். எந்த நாட்டிலோ உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் சரி என்றார். வாசல் கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தேன். நூறு கேள்வி, நான்கு மணி நேரம். ஆறேகால் மணிக்கு அறுபத்து மூன்றாவது கேள்வியில் இருந்தேன். பிளசி, நான் நன்றாக எழுதிக்கொண்டிருந்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஜெபமாலை மாதம், மாதா சொரூபம் வீடு வீடாக வருகிறது, இன்று யார் வீட்டு முறையோ என்று நினைத்துக்கொண்டேன். நம் வீட்டு முறை பத்தொன்பதாம் தேதி. நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் நான் தேர்வுக்கே தேதி எடுத்தேன். பாட்டு நம் வாசலில் வந்து நின்றது. உன் அம்மா சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தார், என் முதுகுக்குப் பின்னால், கேமராவுக்கு நேராக. "அத்தை, பரீட்சை" என்றேன். "மாதாவ வாசல்ல நிக்க வெச்சுட்டு என்னடி பரிச்ச? ஏந்திரி, முக்காடு போடு" என்று தாழைத் திறந்துவிட்டார்.

இருபது பேருக்கு மேல் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். சொரூபத்தை வைக்க மேசை வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள், திரை கூட்டத்தைப் பார்த்தபடி. அறையில் வேறு ஆட்கள் இருப்பதால் தேர்வு முடிக்கப்படுகிறது என்று அதில் எழுத்து வந்ததை நான் படித்துக்கொண்டிருக்கும்போது, ராணியம்மாள் சித்தி என் வயிற்றில் கை வைத்து ஜெபித்தார். எதற்கு என்று புரியாமல் நின்றேன். எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து வயிற்றைத் தொட்டார்கள்.

போகும்போது வியாகுலம் மாமா சொன்னார். "பிளசி பாப்பாதாம்மா போன் பண்ணுச்சு. அண்ணி கொழந்த வரம் கேட்டு வேண்டியிருக்காங்க, பதினொண்ணாந் தேதியே மாதா வூட்டுக்கு வரணும், அவங்களுக்குக் கேக்கக் கூச்சமுன்னு சொல்லுச்சு. அதான் முறைய மாத்திட்டேன்." அன்பியத் தலைவராயிற்றே, ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னார்.

கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் ஒன்றும் இல்லை என்று ஊர் பேசுவது எனக்கு எப்படி இருக்கும் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதையே எடுத்து என் தலையில் போட்டாய்.

உன் கோடிங் புத்தகம் இங்கே என் பெட்டியில் இருக்கிறது. ஜூனில் அழுதுகொண்டே போனபோது விட்டுவிட்டுப் போனாய். அது உனக்கு வராது. உன்னைச் சும்மா விடுவேன் என்று நினைக்காதே.

ஜெனிஷா


நல்லம்பள்ளி
21.10.2025

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மாதேஸ்வரன் அண்ணன் வீட்டிலிருந்து வந்த அதிரசத்தைத் தின்றுகொண்டே படித்தேன். நன்றாக இருந்தது. இரண்டும்தான்.

தருமபுரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உங்களை வாடி போடி என்றேன். எங்கள் அண்ணனுக்கு உங்களைப் பேசி முடித்தது நான்தான். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாம் பிரியவே வேண்டாம் என்று நினைத்த பைத்தியக்காரி நான். கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா "இனிமே அண்ணின்னு கூப்புடு, வாங்க போங்கன்னு பேசு, நாலு பேரு பாக்கறாங்க" என்றார். நீங்களும் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

ஆமாம் அண்ணி, வியாகுலம் மாமாவுக்குப் போன் செய்தது நான்தான். மறைக்கவில்லை. நான் கேட்டது மாதாவை. வந்ததும் மாதாதான். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

ஜூன் பதினான்காம் தேதிக்கு வருவோம். என் தேர்வு. எங்கள் வீட்டில் நெட் சரியில்லை என்று அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், அதே முன்னறை, அதே மேசை. நாற்பத்தொன்றாவது கேள்வி. கதவு திறக்கிறது. நீங்கள் வருகிறீர்கள். டம்ளரில் காபி, தட்டில் இரண்டு பிஸ்கட். காபிகூடப் போகட்டும், பிஸ்கட் எதற்கு அண்ணி? "சூடா இருக்கு பிளசி, ஆறிடப் போவுது" என்று வாய் திறந்து வேறு சொன்னீர்கள். ஒருவேளை கேமரா பார்க்காமல் விட்டிருந்தாலும் மைக்காவது கேட்கட்டும் என்று. அடுத்த நிமிடம் தேர்வு முடிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறேன், அந்தக் காபி மேசையில் ஆவி விட்டுக்கொண்டு இருக்கிறது.

வீட்டில் யாராவது தெரியாமல் செய்யலாம். அம்மா செய்யலாம். எங்கள் தெருவில் அந்தத் தேர்வின் விதியை வரிக்கு வரி படித்தவர் நீங்கள் ஒருவர். அறைக்குள் ஈ வரலாம், ஆள் வரக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்.

சேலத்தில் ஜூலையில் எனக்கு வைத்திருந்த வேலை போனது. ஜேக்கப் வீட்டில் மாமியார் என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். நீங்கள் ஒரு நாள்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. "அத்தை குடுக்கச் சொன்னாங்க" என்ற மூன்று வார்த்தையோடு முடித்துக்கொண்டீர்கள்.

எனக்கு ஒரு காபி. உங்களுக்கு ஒரு மாதா. கணக்கு நேராகிவிட்டது.

புத்தகத்தை அனுப்பி வையுங்கள். டிசம்பர் ஆறாம் தேதி எனக்கு மறுதேர்வு.

தங்கள் அன்புள்ள நாத்தனார்,
பிளசி


காரிமங்கலம்
26.10.2025

பிளசி,

கணக்கு நேராகவில்லை. என்னைக் காபி கொடுக்கச் சொன்னது உன் அம்மா. அதை நான் எத்தனை தடவை சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. உன் வீட்டு மருமகளிடம் மாமியார் ஒன்றைக் கையில் கொடுத்தால் அவள் அதைக் கொண்டுபோக வேண்டும். நீ ஜேக்கப் வீட்டில் கொண்டுபோகவில்லையா? இதற்கு மேல் ஜூனைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். இந்தத் தேர்வில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதனால்தான் புத்தகம் இல்லாதவர் தேற முடியாது. தாள் ஒட்டக்கூடாது, ஓரத்தில் கையால் எழுதியிருக்கலாம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் இருபத்துநான்கு வினாடி. அதற்குள் சரியான எண்ணைத் தேடிப் பிடிக்க அந்த ஓரக் குறிப்புதான் கை கொடுக்கும். உன் புத்தகத்தின் ஓரத்தில் இருப்பது யாருடைய எழுத்து?

ஆன்லைன் வகுப்புக்கு இரண்டு பேருக்கும் ஒரே லாகின் வாங்கினோம். பாதிப் பாடம் நான் பார்ப்பது, பாதி நீ பார்ப்பது, விடிகாலை ஐந்து மணிக்குப் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பது என்று பேச்சு. முதல் மாதம் அப்படி நடந்தது. பிறகு உனக்குத் தலைவலி, விருந்தாளி, ஜேக்கப்புக்குக் காய்ச்சல். உன் பாதியையும் நானே பார்த்தேன். ஒரு வீடியோ பார்ப்பேன், மூடிவிடுவேன், மனதில் எது தங்கியிருக்கிறதோ அதை மட்டும் ஓரத்தில் எழுதுவேன். தங்காததை மறுநாள் திரும்பப் பார்ப்பேன். தப்பான விடைகளுக்குத் தனி நோட்டு. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஐந்து கேள்வி, அது கொதிப்பதற்குள் போட்டாக வேண்டும். "எந்த ஊருக்காரனுக்கோ முட்டி வலிச்சா நீ எதுக்குடி அதுக்கு நம்பரு போடற?" என்று உன் அம்மா பின்னால் நின்று கேட்பார். அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒருவன் முட்டியை அறுத்தால் அதற்கு இங்கே ஒருத்தி எண் போட்டால்தான் பில் நகரும் என்று அவருக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

என் புத்தகத்தில் எழுதியதை மறுபடியும் உன் புத்தகத்தில் எழுதினேன். இரண்டாம் தடவை எழுதும்போது இன்னும் தெளிவாக வந்தது. உன்னுடையது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அதுதான் என் முட்டாள்தனம். "பேனாவுல எழுதாத, அடுத்த வருஷம் யாருக்காச்சும் குடுக்கலாம்" என்றாய். அதனால் பென்சிலில் எழுதினேன். அப்படியும் அடங்கி நடந்திருக்கிறேன்.

இனி நான் சொல்வதைக் கேள். லாகினுக்கு பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன். உனக்குப் புத்தகம் வேண்டுமானால் நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டத்துக்கு வா. உன் அம்மா, ராணியம்மாள் சித்தி, வியாகுலம் மாமா, என் வயிற்றைத் தொட்ட அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நில். அண்ணிக்கு எந்த வேண்டுதலும் இல்லை, அவர் பரீட்சையைக் கெடுக்கத்தான் பொய் சொல்லி மாதாவை வரவழைத்தேன் என்று உன் வாயால் சொல். சொன்னால் புத்தகம் உன்னிடம் வரும். நான் வாக்குத் தவற மாட்டேன்.

மாதாவை வைத்து விளையாடியவள் என்று நம் ஆட்கள் உன்னைப் பார்க்கட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

ஜெனிஷா


நல்லம்பள்ளி
2.11.2025

அண்ணிக்கு,

மாட்டேன்.

உங்களுக்கு வேண்டியது நியாயம் இல்லை, என் முகம் கறுப்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒன்றைச் சொன்னால் அது மறுநாள் நல்லம்பள்ளிக்கு வந்துவிடும், என் மாமியார் காதுக்கு. புத்தகமே வேண்டாம் என்று யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் பார்த்தேன். வேகத்தைக் கூட்டி வைத்து ஒரே நாளில் பதினோரு வீடியோ. கடைசியில் நினைவில் நின்றது அந்த ஆள் போட்டிருந்த சட்டை நிறம் மட்டும். மாதிரித் தேர்வு போட்டேன், நூற்றுக்கு முப்பத்தெட்டு. எழுபது வேண்டும்.

அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டலாமா என்று யோசித்தேன். அவன் ஓசூரில் ஷிப்ட் முடித்து வந்து "ரெண்டு பேரும் என்னமோ பண்ணிக்குங்க" என்று தூங்கிவிடுவான். உங்களுக்கும் தெரியும்.

சேலத்து ஆபீஸில் மறுபடி கேட்டேன். டிசம்பர் முடிவதற்குள் சான்றிதழோடு வந்தால் இடம் இருக்கிறது என்றார்கள். ஜேக்கப் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் ஒரு அம்மா இருக்கிறார். இந்தத் தடவையும் தேறாவிட்டால் ஜனவரியிலிருந்து ஜேக்கப்பின் அண்ணன் பேக்கரியில் நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். காலை ஏழு மணிக்குப் போய், பப்ஸ் எடுத்துக் கொடுத்து, அண்ணன் பெண்டாட்டி கண்ணுக்கு முன்னால் காலம் முழுக்க. படித்த பெண் என்று ஒரு மூலையில் உட்கார்ந்து திரையைப் பார்த்திருக்கும் உரிமைதான் எனக்கு இந்த வீட்டில் இருக்கும் ஒரே உரிமை. அது டிசம்பரோடு போகிறது.

இதைச் சொல்லி உங்கள் காலில் விழவில்லை. நீங்கள் எதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நான் வரமாட்டேன்.

பிளசி


நல்லம்பள்ளி
10.11.2025

அண்ணிக்கு,

வந்தேன். நின்றேன். சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை, வயிற்றைத் தொட்டதையும் சேர்த்துச் சொன்னேன். உங்கள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். முடித்ததும் திரும்பாமல் பஸ்ஸுக்கு நடந்தேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வரும்வரை மூச்சே விடவில்லை.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. சந்தோஷமா? இருபத்தாறு நாள் இருக்கிறது. புத்தகம்.

பிளசி


காரிமங்கலம்
14.11.2025

பிளசி,

சந்தோஷமா என்று கேட்டாய். நீ நடந்து போன பிறகு அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

நீ வாசலைத் தாண்டியதும், இதோ இப்போது என்று நான் காத்திருந்தேன். பதினான்கு நாள் அந்த நிமிடத்துக்காகவே சோறு தின்றேன். முதலில் ராணியம்மாள் சித்திதான் வாயைத் திறந்தார். "எத்தன பேருக்குங்க வரும் இந்தத் தைரியம்? தப்ப ஒத்துக்கிச்சு பாரு புள்ள" என்று கண்ணைத் துடைத்தார். வியாகுலம் மாமா, நீ வளர்ந்த விதம் அப்படி என்றார். உன் அம்மா அழுதார். அவமானத்தில் அழுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். பெருமையில் அழுதுகொண்டிருந்தார்! ஒரு அம்மா தன் மகள் முதல் வகுப்பில் தேறிய அன்று அழுவாளே, அந்த அழுகை.

நான் எழுந்தேன். "என் பரீட்சை போச்சுங்களே" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், குடும்ப விஷயத்தை இன்னும் இழுக்கிறாளே என்கிற பார்வை. "அட, பரிச்ச இன்னொருக்கா எழுதிக்கலாம் கண்ணு. மாதா வூட்டுக்குள்ள வந்தது வீணாப் போவாது" என்றார் சித்தி. என் வயிற்றை இன்னொரு தடவை பார்த்தார். உன் அம்மா அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். நான் புளியங்காயைப் பார்த்தால்கூடச் சிரிக்கிறார்.

ஒருவர், பிளசி, ஒரே ஒருவர்கூட அந்த அறுபத்து மூன்று கேள்வியைப் பற்றிக் கேட்கவில்லை. உன்னைத் தலைகுனிய வைக்கக் கூட்டிய கூட்டத்தில் நீ புனிதவதியாகிப் போய்விட்டாய். நான் மனதில் வஞ்சம் வைத்திருக்கும் மருமகளாகி வீடு திரும்பினேன்.

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உன் புத்தகம் உன்னிடம் வரும். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இன்னும் மூன்று நாள் ஆகும், அதில் எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது.

ஜெனிஷா


நல்லம்பள்ளி
20.11.2025

ஏய் ஜெனி,

அடிப் பாவி. அடிப் பாவி.

பார்சலைப் பிரித்ததும் என் புத்தகம்தானா என்று பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான். எண்ணூறு பக்கம், ஒரு பக்கத்தில் ஒரு எழுத்து இல்லை. எல்லாவற்றையும் ரப்பர் போட்டு அழித்திருக்கிறாய். பக்கம் கசங்கவில்லை, கிழியவில்லை, தூள் ஒரு பொட்டு இல்லை, துடைத்தே அனுப்பியிருக்கிறாய். உள்ளே ஒரு சீட்டு: "புத்தகம் உன்னுடையது. எழுத்து என்னுடையது."

இதற்காகவா நான் அத்தனை பேர் முன்னால் நின்றேன்? அது ஒரு வருட உழைப்புடி. என் உழைப்பு இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன், உன்னுடையதுதான். உன் உழைப்பையே உன் கையால் அழிக்க எப்படி மனம் வந்தது? எத்தனை நாள் உட்கார்ந்து தேய்த்தாய்? அந்த நேரத்தில் உனக்குக் கை வலிக்கவில்லையா? எனக்கு வெறுப்பு உண்டு என்று நினைத்திருந்தேன். உன்னிடம் பார்த்த பிறகுதான் வெறுப்பு என்றால் என்ன என்று தெரிகிறது.

நீ தோற்க வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி உனக்குத் தேர்வு என்று அம்மா சொன்னார். நீ அறுபத்தொன்பது எடுத்துத் தோற்க வேண்டும். அதைத்தான் இன்று வேண்டிக்கொண்டேன். இதை யாரிடமும் எழுந்து நின்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே நேற்றிலிருந்து ஒரு அத்தியாயத்தோடு மல்லுக்கட்டுகிறேன். நீ எழுதிக் கொடுத்தபோது படித்தேனே தவிர புரிந்துகொள்ளவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஓரத்தில் நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். பேனாவில்.

பிளசி


காரிமங்கலம்
3.12.2025

பிளசி,

உன் வேண்டுதல் பலிக்கவில்லை. இருபத்தொன்பதாம் தேதி எழுதினேன், நேற்று மெயில் வந்தது. எண்பத்தாறு.

எப்படி என்று கேட்பாய். உன் புத்தகத்தை அழிக்க நான்கு நாள் ஆனது. கோபத்தில் சட்டென்று தேய்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என் எழுத்தைப் படிக்காமல் அழிக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்தேன், இது எனக்குப் புத்தகம் இல்லாமல் தெரியுமா என்று கேட்டுக்கொண்டேன், தெரியும் என்றால் அழித்தேன். தெரியாததை அழிக்க மனம் வரவில்லை, தெரியும்வரை அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எண்ணூறு பக்கமும் அப்படித்தான். ஒரு வருடம் படித்ததைவிட அந்த நான்கு நாள் அதிகம் படித்திருக்கிறேன். உன் மேல் இருந்த ஆத்திரம் இல்லையென்றால் எந்த வகுப்பும் என்னை அப்படி உட்கார வைத்திருக்காது. இதற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

தேர்வை உன் அம்மா வீட்டில் எழுதவில்லை. ஓசூரில் உன் அண்ணன் தங்கியிருக்கும் அறையில் எழுதினேன். அவரை வெளியே உட்கார வைத்தேன். நான்கு மணி நேரமும் படியிலேயே தூங்கினார். பதினைந்தாம் தேதி ஓசூரிலேயே வேலைக்குச் சேர்கிறேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அப்ப கொழந்த?" என்றார்.

இப்போது நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் எழுந்து சொல்லலாம், ஆனால் எனக்கும் சேர்த்துக் கண்ணைத் துடைப்பார்கள். அது எனக்கு வேண்டாம். உனக்கு மட்டும் சொல்கிறேன், நீ மன்னிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்.

ஜூன் பதினான்காம் தேதி காபியை என் கையில் கொடுத்தது உன் அம்மாதான். அது பொய்யில்லை. அந்த வாரம் முழுக்க நீ கட்டிலில் படுத்துப் படித்தாய், நான் உனக்கும் சேர்த்து ஆக்கிப் போட்டேன். என் கல்லூரித் தோழி என்னிடம் "அண்ணி, தண்ணி" என்று கை நீட்டினாள். நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்துக்கொண்டு அவள் முதலில் போகிறாள், நான் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கிறேன். கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். உள்ளே நீ கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது, தடுமாற்றமே இல்லாமல். நீ தேறப் போகிறாய் என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. உள்ளே போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். டம்ளரைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. முழுதாக ஒரு நிமிடம் நின்றேன். பிறகுதான் கதவைத் தள்ளினேன். உன் வீட்டில் என்னைக் கேள்வி கேட்கவே முடியாத ஒரே காரியம், சொன்னதைச் செய்வது. அதைச் செய்தேன்.

ஆறு மாதமாக நீ சொன்னதெல்லாம் உண்மை. நான் எழுதியதுதான் பொய்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் பழக்கம் அது, கோபம் வந்தது போலவே சட்டென்று இறங்கியும் விடுவாய். கொடுத்துவிட்டால் நான் உன்னைவிடக் கீழே போய்விடுவேன். இந்த நிலையிலேயே இருப்போம்.

சனிக்கிழமை உன் தேர்வு. ஜேக்கப் வீட்டில் இப்போது நெட் நன்றாக வருகிறது, ஆனால் ஏழு பேர் இருக்கிறார்கள், முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பின்வாசலைப் பூட்டச் சொல். முன்வாசலில் நாற்காலி போட்டு நான் உட்காருவேன். நீ முடித்துவிட்டுக் கதவைத் திறக்கும்வரை உன் மாமியார், ஜேக்கப், பங்குச் சாமியார், யார் வந்தாலும் உள்ளே விடமாட்டேன். பாசத்தில் வருகிறேன் என்று நினைத்துவிடாதே. இந்தத் தடவையும் நீ தோற்றால் ஜெனிஷாவால் தோற்றேன் என்று பேக்கரியில் நின்று வாழ்நாள் முழுக்கச் சொல்வாய். அந்த ஆறுதலை உனக்குத் தர எனக்கு மனமில்லை. தோற்றால் நீ உன்னால் மட்டுமே தோற்க வேண்டும்.

ஜெனி